வெள்ளைக் கட்டத்துக்கு அடியில்

எனக்குப் பென்டிரைவோடு வருகிற ஆட்களைக் கண்டாலே ஆகாது. செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் பிளெக்ஸ் கடைக்குக் காலையிலிருந்து அப்படித்தான் வருவார்கள். எங்கேயோ யாரோ செய்த காதுகுத்துப் பேனர், கட்சி வரவேற்பு, கடை திறப்பு விழா. "ஃபைல்லாம் ரெடியா கீதுக்கா, பிரிண்ட் மட்டும் போட்டுக் குடு" என்பார்கள். திறந்து பார்த்தால் அம்மன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். தமிழ் எழுத்தெல்லாம் இங்கிலீஷில் உளறிக்கொண்டிருக்கும். தலைவரைச் சுற்றிப் போட்ட நிழல் கறுப்புப் பெட்டியாகி, மனுஷனைச் சவப்பெட்டிக்குள் நிற்க வைத்திருக்கும். "எங்க கம்ப்யூட்டர்ல நல்லாதான் தெரிஞ்சுது" என்பார்கள். அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிப்போய் மண்டப வாசலில் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதற்காக முதலாளி என்னை இரண்டு முறை வேலையை விட்டுப் போகச் சொன்னார். கோளாறைக் கண்டுபிடிக்க வேறு ஆள் கிடைக்காமல் மறுநாள் காலை அவரே போன் செய்தார்.

கோளாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போட்டோ என்பது புள்ளிகளால் ஆனது. நாங்கள் வரைவது கோடுகளால் ஆனது. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, உள்ளே என்ன நிறம் என்று எழுதி வைத்த குறிப்புதான் அந்த ஃபைல். அதனால்தான் விசிட்டிங் கார்டில் வரைந்த தாமரையை மண்டப வாசல் அளவுக்கு இழுத்தாலும் பிசிறு தட்டாது. ஆனால் அந்தக் குறிப்பை ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். ஒன்றுக்குப் புரிந்தது இன்னொன்றுக்குப் புரியாது. புரியவில்லை என்று அது வாயைத் திறந்து கேட்காது. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எழுத்து உளறினால் அந்த எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம். எழுத்தையெல்லாம் கோடாக மாற்றி அனுப்பியிருக்க வேண்டும். பெருக்கல் குறி வந்தால், படத்தை ஃபைலுக்குள் வைக்காமல் அதன் விலாசத்தை மட்டும் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இதைத்தான் வருஷக்கணக்காக எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இன்னொரு பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அதை வெளியே யாரும் சொல்லமாட்டார்கள். நாங்கள் யாரும் வெற்றுத் தாளில் வேலையைத் தொடங்குவதில்லை. போன வாரம் செத்தவரின் போஸ்டரைத் திறந்து, பேரையும் முகத்தையும் மாற்றினால் இந்த வாரம் செத்தவர் தயார். அழிக்கவும் சோம்பல். பழையதன்மேல் வெள்ளை நிறத்தில் ஒரு கட்டத்தைப் போட்டு மூடிவிட்டு, அதற்கு மேல் புதிதை வைப்போம். பேப்பரும் வெள்ளை, கட்டமும் வெள்ளை, யாருக்குத் தெரியப்போகிறது? எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் கல்யாணத்துக்கு அடியில் கவுன்சிலர் படுத்திருப்பார். கவுன்சிலருக்கு அடியில் யாருடைய பூப்புனித நீராட்டு விழாவோ இருக்கும். ஃபைல் கனத்துப்போய்த் திறக்க ஐந்து நிமிஷம் எடுக்கும்போது மட்டும் முதலாளி கம்ப்யூட்டரைத் திட்டுவார்.

அந்த வெள்ளைக் கட்டம் ஒன்றுதான் என் தங்கை கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது. கட்டத்தைப் போட்டது நான்.

எங்கள் அப்பா வேன் ஓட்டுபவர். கல்பாக்கம் பக்கத்து ஊர்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் கம்பெனிகளில் இறக்கிவிட்டுத் திரும்ப அழைத்துவருவார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை துணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு புதுப்பட்டினத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பொம்பளையோடு போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக்கூடக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தங்கை அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் காபியைக் குடித்துவிட்டு "அப்பா எங்க?" என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு யாரையும் வரச்சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கத்திவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது அப்பாவுக்கு அஞ்சலி போஸ்டர் ஒன்று செய்தேன். உயிரோடு இருக்கும் மனுஷனுக்கு. உறவில் ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோ இருந்தது. அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். அவரை மட்டும் அதிலிருந்து வெட்டி எடுத்தேன். தலைமுடி, காது, சட்டைக் காலர் என்று புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தைச் சுற்றி வரவேண்டும். அம்மா தோளில் இருந்த கையை மணிக்கட்டோடு நறுக்கினேன். வழக்கமாகக் கண்ணீர் அஞ்சலி என்று போடுவோம். கண்ணீரை எடுத்துவிட்டு அஞ்சலி என்று மட்டும் போட்டேன். தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை. கீழே குடும்பத்தார் பேர் வரும் இடத்தில் "இப்படிக்கு, தலைமுழுகியவர்கள்" என்று போட்டேன். அச்சடிக்கவில்லை. சேமித்து வைத்துவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

தங்கைக்கு இடம் மாமல்லபுரத்தில் அமைந்தது. பையனுடைய அப்பாவுக்குக் கோயில் வேலை. பையன் வாத்தியார். நல்ல பையன் என்றுதான் சொல்லவேண்டும், எவ்வளவு தேடியும் குறை கிடைக்கவில்லை. பையனின் அம்மா மட்டும் ஒரு கண்டிஷன் போட்டார். பெண்ணின் அப்பாதான் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும்.

சித்தப்பாவும் சித்தியும் உட்காரட்டும் என்று நான் சொன்னேன். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா இல்லன்னா அது வேற. உசுரோட கீற மனுஷன வுட்டுட்டு சித்தப்பன் உக்காந்தா, நாலு பேருக்கு நான் இன்னா பதில் சொல்றது? அவர் வந்தா கல்யாணம். வரலன்னா சொல்லிடுங்க, மனஸ்தாபம் இல்லாம பிரிஞ்சுக்கலாம்" என்றார்.

தங்கை என்னிடம் கேட்கவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் புதுப்பட்டினம் போய் அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்தாள். அந்த வீட்டில் காபி குடித்தேன் என்றும் சொன்னாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அம்மாவிடம் போய்க் கத்தினேன். அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "அவளுக்காக உக்காந்துட்டு எழுந்துடப் போறேன். பக்கத்துல எவன் உக்காந்தா எனக்கு இன்னா?" என்றாள்.

கல்யாணப் பேனரை நான்தான் செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் செய்பவள் தங்கைக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? அதில் அப்பாவின் படமும் இருக்க வேண்டும் என்றார்கள். தங்கை தன் போனில் எடுத்துவந்த படத்தைக் காட்டினாள். அந்த ஆளை இன்னொரு தடவை புள்ளி புள்ளியாகச் சுற்றி வர எனக்கு விருப்பமில்லை. வெட்டித் தயாராக இருப்பது ஒன்றுதான். பழைய அஞ்சலி ஃபைலைத் திறந்தேன். படத்தைப் பிரதி எடுத்து மேலே வைத்தேன். போஸ்டரின் பூ ஓரம் நன்றாக இருந்ததால் அதை அப்படியே விட்டு, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு, பூவோடு கலக்கும்படி கட்டத்தின் ஓரத்தை மங்கலாக்கினேன். அதன்மேல் மணமக்கள், தாமரை, வரவேற்பு எல்லாம் ஏறின. மேலே உட்கார்ந்து அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அடியில் செத்துக் கிடந்தார்.

அழித்திருக்கலாம். ஒரு பட்டனை அழுத்தினால் போயிருக்கும். பழக்க தோஷம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அது அங்கே கிடப்பது எனக்குப் பிடித்திருந்தது. மண்டப வாசலில் எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிடும்போது, அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் மெஷினில் மை அடைத்துக்கொண்டது. "இதுக்கு எப்பவும் இதே பேஜாரு" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, கேளம்பாக்கத்தில் தனக்குத் தெரிந்த கடைக்கு அனுப்பச் சொன்னார். அங்கே வேறு சாஃப்ட்வேர். எல்லாவற்றிலும் திறக்கும் என்று சொல்லப்படுகிற பொது வடிவில் சேமித்து அனுப்பினேன். எல்லாவற்றிலும் திறக்கும் என்றால் எதிலும் சரியாகத் திறக்காது என்று மற்றவர்களுக்கு நான்தான் சொல்வேன்.

அந்தக் கடையில் ஃபைல் பார்ப்பவர் தாடிக்காரர், என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். பத்து மணிக்குப் போன் செய்தார்.

"அக்கா, எழுத்தெல்லாம் இங்கிலீஷா கீது."

கோடாக மாற்ற மறந்திருக்கிறேன். அதை ஒத்துக்கொள்ளாமல், உங்களிடம் ஒரு நல்ல எழுத்துருகூட இல்லையா என்று அவரைத் திட்டிவிட்டு மாற்றி அனுப்பினேன். பதினொரு மணிக்கு மறுபடியும் போன். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் கறுப்புக் கட்டம் வருகிறதாம். நிழலை அவருடைய சாஃப்ட்வேர் தப்பாகப் படித்திருக்கிறது. நிழலே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். இங்கே எங்கள் கடையில் ஒரு கட்சிக்காரர் அவசரம் என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரையும் திட்டினேன். பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது போன். இந்தத் தடவை தாடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு அடியில இன்னொரு ஃபைல் கீது."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"நடுவுல ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு ஓரத்த மங்க வச்சுகீறீங்க. அந்த மங்கல எங்க சாஃப்ட்வேர் எடுக்கல. கட்டமே காணாம பூட்சு. பொண்ணு மாப்ளைக்கு நடுவால அஞ்சலின்னு தெரியுது. அக்கா... உங்கப்பா உசுரோடதான கீறாரு?"

"ஏன் கேக்கறீங்க?"

"பேனர வாங்கிகினு போவ ஒருத்தர் வந்து குந்திகினு கீறாரு. அதே மூஞ்சி."

தங்கையின் வேலைதான். வேனில் அந்த வழியாகத்தானே வருகிறார், அப்பாவையே வாங்கிவரச் சொல்லிவிட்டாள். மானிட்டரை அவர் பக்கம் திருப்பாதீர்கள் என்றேன். "நான் திருப்பல அக்கா. அவரு எழுந்து வந்து பின்னால நின்னுகினு பாத்துட்டாரு. சேரை இழுத்துப் போட்டு மானிட்டர் முன்னாலயே குந்திட்டாரு" என்றார் தாடிக்காரர்.

முதலாளியிடம் சொல்லாமல் கிளம்பினேன். திருப்போரூரில் பஸ் மாறி, கேளம்பாக்கம் போய் இறங்கும்வரை, என்னென்ன சொல்லித் திட்டலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். தப்பு என்னுடையது. அதனால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது. அவர் வரமாட்டேன் என்றால் கல்யாணம் நிற்கும். தங்கைக்கும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் வருவார்கள். இந்தத் தடவை அதற்குக் காரணம் அவராக இருக்காது. நானாக இருப்பேன்.

கடையில் மெஷின் யாருக்கோ மனைப்பிரிவு விளம்பரம் அடித்துக்கொண்டிருந்தது. தாடிக்காரர் என்னைப் பார்த்ததும் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். அப்பா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். கையில் வேன் சாவி. திரையில் இருந்தவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. சேரில் இருந்தவருக்கு முன்பாதி வழுக்கை. எட்டு வருஷத்தில் நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ணீர் அஞ்சலின்னு தான போடுவாங்க?" என்றார். "கண்ணீர எங்க காணோம்?"

"வரல. அதனால போடல."

"தேதி கரெக்டா போட்டுகீற. செவ்வாக்கெழம. மழ தூறிகினு இருந்துச்சு."

"மன்னிப்புக் கேக்கறதுக்கு நான் வரல" என்றேன்.

"நீ கேக்கமாட்ட. எனக்குத் தெரியும்." சாவியை மேஜைமேல் வைத்தார். "செத்தவன் மணையில உக்காரக் கூடாது. உங்க சித்தப்பன உக்கார வை."

இதைத்தான் நான் மாதக்கணக்காக வீட்டில் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். பேனர் வந்துவிட்டதா, அப்பா வந்து வாங்கிக்கொண்டாரா, உன்னோடு பேசினாரா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். வந்துட்டாரு, இதோ வாங்கிடுவாரு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இதை நான் செஞ்சேன். அவ செய்யல. அவளுக்குத் தெரியவும் தெரியாது" என்றேன். "என் மேல இருக்கறதை அவ தலையில கொட்டாதீங்க. வந்து உக்காருங்க. நான் வேணும்னா அன்னிக்கு மண்டபத்துக்கே வரல."

"நீ இல்லாம அவ தாலி கட்டிக்குவாளா?" என்றார். பிறகு சேரைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினார். மெஷின் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "வரேன். ஆனா நீ ஒரு வேல செய்யணும்."

"என்ன?"

"இந்த போஸ்டர சரி பண்ணிக் குடு."

எனக்குப் புரியவில்லை. அழிக்கச் சொல்கிறார் என்று நினைத்து மவுஸைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"அழிக்காத. சரி பண்ணுன்றேன். எங்க தெருவுல எவன் செத்தாலும் மின்கம்பத்துல போஸ்டர் இருக்கும். குடிச்சிட்டு ரோட்ல கெடந்தவனுக்குக்கூட அவன் புள்ளைங்க போட்டானுங்க. எனக்கு யார் போடுவா? உங்கம்மா போடமாட்டா. போடணும்னு நான் கேக்கவும் முடியாது. அங்க கீறவ போட்டா எந்தப் பேர்ல போடுவா? கீழ இன்னான்னு எழுதுவா? அவளுக்கு அந்த உரிம கெடையாது, அது அவளுக்கே தெரியும். நீ ஏற்கெனவே செஞ்சு வச்சுகீற. படமும் நல்லாதான் கீது. தேதிய மட்டும் காலியா வுட்டுடு. கீழ இருக்கற வரிய மாத்து. எந்தக் கடைல குடுத்தாலும் ஒழுங்கா தொறக்கணும். இப்ப வந்த மாதிரி கறுப்பா, கட்டங்கட்டமா வரக்கூடாது."

எத்தனையோ பேருக்குப் போஸ்டர் செய்திருக்கிறேன். ஆர்டர் கொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் அஞ்சலி போஸ்டருக்கே திருத்தம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை. அவரை அறைய வேண்டும்போல இருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போன அதே ஒழுங்கோடு, சாவதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். விட்டுப்போன பிறகும் எங்களிடம்தான் கேட்டார். அதுவும் தங்கை கல்யாணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். முதலில் போஸ்டரைத் தனி ஃபைலாகப் பிரித்தேன். படம் விலாசமாக இல்லாமல் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மங்கல், நிழல் எல்லாவற்றையும் எடுத்தேன். தேதியை அழித்தேன். தலைப்பில் கண்ணீர் என்ற சொல்லைச் சேர்க்கவா வேண்டாமா என்று அவரைக் கேட்கவில்லை, நானும் சேர்க்கவில்லை. அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கீழே தலைமுழுகியவர்கள் என்று இருந்ததை எடுத்தேன்.

"இங்க என்ன போடணும்?"

"உன் இஷ்டம்."

அந்தக் கடையில் இருந்த எழுத்துருவிலேயே மகள்கள் என்று அடித்தேன். அவர் அதை வாய்விட்டு ஒரு முறை படித்தார். எழுத்தையெல்லாம் கோடாக மாற்றினேன். கோடாக மாறிவிட்டால் பிறகு யாராலும் திருத்த முடியாது. பழைய சாஃப்ட்வேரிலும் திறக்கும் வடிவில் சேமித்து, தாடிக்காரரின் கம்ப்யூட்டரில் ஒரு முறை, பக்கத்து மேஜையில் இருந்த இன்னொன்றில் ஒரு முறை திறந்து காட்டினேன். இரண்டிலும் ஒழுங்காக வந்தது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு கல்யாணப் பேனரை அடியில் ஒன்றும் இல்லாமல் சுத்தமாக்கி, அச்சுக்குக் கொடுத்தேன். சுருட்டியதை அவரே தோளில் வைத்துக்கொண்டு வேனுக்குப் போனார். வா, இறக்கிவிடுகிறேன் என்று கூப்பிட்டார். பஸ் இருக்கிறது என்றேன்.

கல்யாணத்தன்று சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை, ஐயர் சொன்னதை மட்டும் செய்தாள். தாரை வார்க்கும்போது அவர் செம்பை அவசரமாகச் சாய்த்துத் தண்ணீரைத் தங்கையின் புடவையில் கொட்டினார். மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தங்கை மாலைக்குள்ளிருந்து என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பந்தியில் அவருக்கு யாரோ இலை போட்டார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது மண்டப வாசலில் வேன் அருகே என்னை நிறுத்தினார்.

"நேத்து எங்க ஊர்க் கடைல குடுத்துப் பாத்தேன். சுத்தமா தொறந்துச்சு, ஒரு கட்டங்கூட வரல. தேதி போடற எழுத்து மட்டும் அவன்கிட்ட இல்லியாம். வேற எழுத்துல போட்டுக் காட்டினான். ஒட்டவே இல்ல, கேவலமா கீது."

"எந்தத் தேதி போட்டுக் காட்டினான்?"

"நேத்துத் தேதிதான். சும்மா, பாக்கறதுக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "அறிவிருக்கா?" என்று கத்தினேன். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொண்ணுக்குக் கல்யாணத்த வச்சுகினு மொத நாளு போய்ப் பாக்கற வேலையா இது? கண்டவன்கிட்ட எல்லாம் அத்தக் குடுக்காதீங்க. அந்த எழுத்து எங்க கடைலதான் கீது. தேதி போடறதா இருந்தா நான்தான் போடணும். அங்க கீறவங்ககிட்ட என் நம்பரக் குடுத்து வைங்க. எத்தினி மணியா இருந்தாலும் போன் பண்ணச் சொல்லுங்க."

யார்கிட்ட என்று அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"உன் நம்பர் எங்கிட்ட இல்ல" என்றார்.

பத்து எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார். கடைசி இரண்டு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தார். போனை அவர் கையிலிருந்து பிடுங்கி, நானே திருத்திக் கொடுத்தேன்.